மகதலேனா அக்கா சாப்பிட்ட ஏழு வகை விருந்து

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேரின் முதல் அழுகையைக் கேட்டவர் மகதலேனா அக்காதான். மருத்துவச்சி. சின்ன உடம்பு, பெரிய குரல். பிரசவ வீட்டில் குறுக்கே நிற்கிற ஆள் யாராக இருந்தாலும் "வெளிய போ" என்பார்; போய்விடுவார்கள். நானும் ஒருமுறை போயிருக்கிறேன்.

அவர் கணவர் மாரிஸ் அண்ணன், ஸ்டேஷன் பக்கத்தில் ஹார்வி துரை நடத்திய ஹோட்டலில் சமையல்காரர். ஹைனான் சீனர்கள் நிறைந்த அந்தக் குசினியில் அவர் ஒருவர்தான் தமிழர். நான் அங்கே மேசைக்குப் பரிமாறுகிறவன். இருபது வருஷம் துரைமாருக்கு ஏழு வகை விருந்து சமைத்த மனிதர், வீட்டில் ஒரு முட்டைகூட உடைத்ததில்லை. "வெள்ளைக்காரனுக்கு உருளைக்கிழங்கு அவிக்கிறவர்" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். துரைமாராவது பாராட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. ரப்பர் விலையைப் பேசிக்கொண்டே தின்றுவிட்டு எழுந்து போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1931-இல் ஹார்வி துரையின் மனைவிக்குப் பிரசவம். குழந்தை தலைகீழாகாமல் கால் முன்னே வந்தது. கிள்ளானுக்குப் போயிருந்த டாக்டர் திரும்பி வருவதற்குள் அக்கா தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிட்டார். "என்ன வேண்டுமோ கேள்" என்றார் துரை. மொழிபெயர்க்கக் கூட நின்ற நான், சேலை கேட்பார் என்று நினைத்தேன்.

"உங்க சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து எம் புருஷன் சமைச்சத சாப்பிடணும், தொரை. ஏழு வகையும்."

அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கே நாக்குக் குழறியது. துரை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சனிக்கிழமை வரச் சொன்னார்.

மாரிஸ் அண்ணனுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. "காரம் இல்லாம அவளுக்குச் சோறே இறங்காது, ஜெயராஜ். வாயில வச்சிட்டு மூஞ்சியச் சுளிச்சான்னா, இருபது வருஷமா நான் எதுக்கு இந்த அடுப்பு முன்னால நின்னேன்?"

"கொஞ்சம் மிளகாயத் தட்டிப் போட்டுடுங்கண்ணே."

"போடமாட்டேன்லா. எஞ்சமையல உள்ளபடி சாப்பிடட்டும்."

சனிக்கிழமை சாயங்காலம், கோவிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையில் அக்கா வந்து உட்கார்ந்தார். பக்கத்து மேசைத் துரைமார் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அக்கா அவர்களைச் சட்டை செய்யவே இல்லை. அந்தத் தைரியத்தை நான் இன்றுவரை வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

முதலில் சூப்பு வந்தது, கூடவே ஒரு சின்னக் கிளாஸில் வைன். அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பூசையில சாமியார் மட்டும் குடிக்கிறதாச்சே, தம்பி. நான் தொட்டா பாவம் இல்லையா?"

"பூசைக்கு வைக்கிறது வேறக்கா. இது கடையில வாங்குன புட்டி."

சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தார். பிறகு நிதானமாகச் சூப்பைக் குடித்து முடித்து, "இன்னொரு கரண்டி ஊத்து" என்றார்.

அந்த ஹோட்டலில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. ஒவ்வொரு வகையும் கொஞ்சமாக ஒருமுறை வரும், தட்டு போகும், அடுத்தது வரும். ஆனால் நம் பந்தியில் "நன்றாயிருக்கிறது" என்று வாயால் சொல்கிறவர் யார்? மறுபடி கேட்பதுதான் மரியாதை. நான் குசினிக்குப் போய்ச் சொன்னேன்.

"அவளா கேட்டா?" என்றார் அண்ணன்.

மீனுக்கு வெள்ளை வைன் ஊற்றினேன். மீனையும் மறுபடி கேட்டார். ஆட்டு இறைச்சிக்குச் சிவப்பு வைன் ஊற்றியபோது, "மீனுக்குக் குடுத்தது எலுமிச்ச பிழிஞ்ச மாதிரி வாயக் கழுவிவிட்டுச்சு. கறிக்கு அது பத்தாதுன்னுதான் இத ஊத்துறீங்களோ?" என்று கேட்டார். ஒன்பது வருஷமாக எந்த வகைக்கு எந்தப் புட்டி என்று மனப்பாடமாக ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். ஏன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

ஆறு வகை வந்தது. ஆறையும் இரண்டு தரம் கேட்டார். ஹைனான்காரர்கள் சிரித்தார்கள். அண்ணனுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"எம்மனசு நோகக்கூடாதுன்னு கேக்குறா. வீட்டுல சிரிக்கிறவதானே."

ஏழாவது புட்டிங். அதை அக்கா வழித்துச் சாப்பிட்டார், மறுபடி கேட்கவில்லை. கேட்கவில்லை என்று நான் வந்து சொன்னதும் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பாத்தியா, முடியலப்பா அவளால" என்றார்.

குசினிக் கதவு திறந்தது. துரைமாருக்கு நடுவே நடந்து அக்காவே உள்ளே வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. அடுப்புகளை, சட்டிகளை, சுற்றி நின்ற எங்களை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கணவரைப் பார்த்தார். பிள்ளைபெற்ற வீடுகளை அதட்டுகிற அந்தக் குரல் வரவே இல்லை.

"ஏங்க, கையில இவ்வளவு ருசிய வச்சிக்கிட்டு, இருபது வருஷமா எங்குழம்ப எப்படிங்க சாப்பிட்டீங்க?"

மாரிஸ் அண்ணன் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.