வேந்தர் கையைச் சுழற்றினார்

ஜாஸ் வாசிக்கத் தெரிந்தவனுக்கு நம்மூரில் ரெண்டே பிழைப்புதான்: ஓட்டலில் சாப்பிடுகிறவர்களைத் தொந்தரவு பண்ணாமல் வாசிப்பது, இல்லையென்றால் காலேஜில் சொல்லிக்கொடுத்து எல்லோரையும் தொந்தரவு பண்ணுவது.

பகுதிநேர விரிவுரையாளராக இருந்து நொந்துபோன சகோதர சகோதரிகளே, நான் சாக்சபோன். என் கூட்டாளி செல்வின், தூத்துக்குடியில் எங்கள் தெருக்காரன், பியானோ. ஓட்டல், கப்பல் என்று இருபது வருஷம் சேர்ந்து வாசித்தோம். ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பல்கலைக்கழகம் திருப்பூரில் மாலைநேர இசை டிப்ளமோ ஆரம்பித்து எங்களைக் கூப்பிட்டது. பனியன் ஏற்றுமதியில் பெரிய ஆளான வேந்தர் முதல் நாளே சொல்லிவிட்டார், ஆண்டு விழாவில் மாணவர்கள் நன்றாக வாசித்தால்தான் அடுத்த வருஷம் எங்களுக்கு வேலை.

பக்கத்து அறை

எங்களுக்கு ஒதுக்கிய அறைக்கு அடுத்தது தையல் பயிற்சிக் கூடம். முப்பது மெஷின் ஓடுகிற சத்தத்தில் என் ஸ்வரம் எனக்கே கேட்காது. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே! ஒரு நாள் சண்டைக்குத் தயாராகிக் கதவைத் திறந்தால், அந்தக் கூடத்து டீச்சரம்மா எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார்.

கையில் ஒரு டி-சர்ட். தோள்பட்டைத் தையல் பாம்பு போல நெளிந்திருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அதை நீட்டிச் சொன்னார்: "ஏனுங்க சார், நீங்க வேகமா வாசிச்சா எங்க புள்ளைங்களும் மெஷினை வேகமா மிதிச்சுடறாங்க. கொஞ்சம் பையத்தான் வாசிங்களேன்."

அச்சு அசல்

எங்கள் மாணவி பூங்கொடி, திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள். ஷிஃப்ட் முடிந்து நேராக வகுப்புக்கு வருவார். சாக்சபோனில் அப்படி ஒரு காது! ஜாஸில் மெட்டை வாசித்து முடித்ததும் அவரவர் முறை வரும்போது சொந்தமாகக் கற்பனை பண்ணி வாசிக்க வேண்டும். நான் ஒரு தடவை வாசித்துக் காட்டி, "அடுத்த வாரம் உங்களுக்குத் தோன்றியதை வாசியுங்கள்" என்றேன்.

அடுத்த வாரம் நான் வாசித்ததையே வாசித்தார். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. நான் வாசித்தபோது நடுவில், ஊதுகிற வாயில் இருக்கும் ரீட் பட்டை காய்ந்துபோய்க் கீச்சென்று கத்தியிருந்தது. அதே இடத்தில் அதே கீச்சு! செல்வின் பியானோ மேல் கவிழ்ந்து சிரித்தான். "ஏம்மா, அது தப்பும்மா" என்று நான் கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை: "தப்போ சரியோ, அப்ரூவ் ஆன சாம்பிள் மாதிரியே இருக்கோணுங்க சார். ஒரு பட்டன் தள்ளிப்போனாலும் சரக்கு ரிஜெக்ட்டுங்க."

விழா

மாசக்கணக்கில் கெஞ்சியும் அவர் ஒரு ஸ்வரம் மாற்றவில்லை. அந்தக் கவலையோடேதான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மேடையேறினோம். எங்கள் உருப்படி நாலு நிமிஷம். அது முடியும்போது பார்த்தால், சிறப்பு விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லை. முன்வரிசையில் வேந்தர், நிறுத்தாதே என்று கையைச் சுழற்றுகிறார். எனக்கு வியர்த்து ஊற்றியது. "போச்சுல!" என்றான் செல்வின்.

பூங்கொடி என்னைப் பார்த்தார், சபையைப் பார்த்தார், கண்ணை மூடினார். அப்புறம் வந்தது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. எங்கிருந்து வந்ததோ! முடித்ததும் டிரம்ஸ் வாசித்த மாணவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் முடித்துக் கிட்டாரைக் காட்டினார். இருபது நிமிஷம் மாற்றி மாற்றிப் போனது. நான் சாக்சபோனை இறக்கிவிட்டேன். செல்வின் கையைக் கட்டிக்கொண்டான். பெற்ற தகப்பன் மாதிரி எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சபை எழுந்து கை தட்டியது. வேந்தர் மேடைக்கே வந்து எங்கள் ரெண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார். வேலை நிச்சயம் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "பிரமாதமுங்க! நீங்க ரெண்டு பேரும் சும்மா நின்னீங்க, அவங்களே வாசிச்சுட்டாங்க. இனி நீங்க எதுக்குங்க சிரமப்பட்டுட்டு?"

அடுத்த ஜூனில் வகுப்பு நடந்தது. எடுத்தது பூங்கொடி. கோபம் ஒரு வருஷம் இருந்தது, ஏக்கம் இன்னும் போகவில்லை.

சரியாகச் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் வேலை போகும், சரியாகச் சொல்லிக்கொடுத்தாலும் வேலை போகும், ஆனால் இரண்டாவதில் ஒரு பொன்னாடை மிச்சம்.