மச்சான் போகாத வேலை

தெருவில் எல்லோருக்கும் அவன் மச்சான்தான். அக்காவின் கணவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பால்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்கூட அப்படியே அழைக்கப் பழகிவிட்டார்கள். கல்யாணமே ஆகாதவன் ஊருக்கெல்லாம் மச்சான் என்று அக்கா சிரிப்பாள்.

வண்டிக் கொட்டகைக்கு மேலே இருந்தது அவன் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். கீழே அத்தானின் பழைய கறுப்புக் கார். கல்யாணங்களுக்கும் படப்பிடிப்புகளுக்கும் அதை வாடகைக்கு விடுவதுதான் அத்தானின் பிழைப்பு. ஓட்டுவது, துடைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் மச்சான் தலையில். மாடியிலிருந்து வெளியே போகக் கொட்டகைக் கதவைத் தவிர வழியில்லை. அதன் சாவி அத்தானின் இடுப்பில். டீ குடிக்கக் கிளம்பினாலும், "எங்க மச்சான்?" என்ற குரல் வந்துவிடும்.

கார் மேடு ஏறும்போது திக்கித் திணறுகிறது, கொஞ்ச நாள் இருந்து சரிசெய்து கொடு என்றுதான் அத்தான் அவனை முதலில் வரவழைத்தார். கோளாறு, எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்தது. அவன் அதைக் கழற்றி மேசையில் வைத்தபோது அந்த இருட்டுக் கொட்டகையில் டார்ச் பிடித்தவள் அக்கா. சும்மா பிடிக்கவில்லை, கேள்வி கேட்டுக்கொண்டே பிடித்தாள். அவனும் சொன்னான். நடுவில் ஒரு தண்டு சுழல்கிறது. அதிலுள்ள மேடு, பாயிண்ட் என்கிற இரண்டு சின்ன உலோகப் பொட்டுகளைத் தொடவிட்டுப் பிரிக்கிறது. பிரிகிற கணத்தில் காயிலிலிருந்து பெரிய கரண்ட் பாய்கிறது. மேலே சுற்றும் ரோட்டர் அதை வாங்கி, மூடியிலுள்ள நான்கு முனைகளுக்கும் முறைவைத்துக் கொடுக்கிறது.

"வரிசையா உக்காந்திருக்கிறவங்களுக்குப் பரிமாறுற மாதிரியா?" என்றாள் அக்கா.

"அதேதான். ஒருத்தருக்கு முந்தி விழுந்தாலும் வம்பு, பிந்தி விழுந்தாலும் வம்பு."

பொட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே போனால் என்று அவள் கேட்டாள். வண்டி வெறும் தகரடப்பா என்று சொல்லிவிட்டு அவன் அதை மறந்துபோனான்.

தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, தண்டு குடிகாரன்போல ஆடியது. அதனால்தான் பாயிண்ட்டின் இடைவெளி ஒரு சுற்றில் இருந்ததுபோல அடுத்த சுற்றில் இல்லை. கடைத்தெரு லேத்காரர் புதுப் புஷ் கடைந்து கொடுத்தார். கார் பூனைபோல ஓடியது. அன்றிலிருந்து லேத்காரர் சிநேகிதரானார். அத்தானோ மச்சானை விடவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று வருஷங்கள் உருண்டன. அக்காவின் மகள் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனாள். அத்தானின் அம்மா படுத்த படுக்கையானாள்.

துறைமுகத்தில் எஞ்சின் பட்டறை வேலைக்கு லேத்காரர் சொல்லிவைத்தார். நேரில் வரச் சொன்ன அன்று காலை கார் கிளம்பவில்லை. அன்று கல்யாண வாடகையும் இருந்தது. அத்தான் வாசலை மறித்து நின்றார். மச்சான் பேட்டரி, காயில், பிளக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தான். கார் உறுமியது. பஸ் போய்விட்டது. அடுத்த முறை ஆள் எடுத்தபோதும் அச்சு அசலாக அதேதான் நடந்தது. இந்தக் காருக்குத் தன் மேல் ஏதோ வன்மம் என்றே நினைக்கத் தொடங்கினான்.

மூன்றாம் முறை, துறைமுகத்துக்குக் கிளம்பவேண்டிய காலையில் கார் மீண்டும் ஊமையானதும், நேரே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தான். பாயிண்ட்டை விரித்துப் பார்த்தான். கருகியிருக்க வேண்டிய பொட்டு கண்ணாடிபோலப் பளபளத்தது. நகத்தால் சுரண்டினான், மெல்லிய ஏடாக உரிந்து வந்தது. முகர்ந்தான். நகப்பூச்சு. மகள் விட்டுப்போன நிறமற்ற நகப்பூச்சு அந்த வீட்டில் அக்காவின் அலமாரியில்தான் இருந்தது.

அக்கா பின்கட்டில் மாமியாரின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். அவன் கையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"நான்தான் தடவினேன்" என்றாள்.

"ஏன்க்கா?"

அவள் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். "நீ இருந்தா அவர் கை ஓங்கறதில்ல. ஓங்கினாலும் உனக்குக் கேட்குமேன்னு குரலை அடக்கிக்கிறார். போன வருஷம் நீ வண்டியோட ரெண்டு நாள் வெளியூர் போனியே, அப்ப நான் கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னேன்ல?"

வெயில் காலத்திலும் அவள் முழங்கைவரை மூடிய ரவிக்கை போட்டுத் திரிந்தது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே வீட்டில் இருந்தும் கண்ணிருந்தும் குருடனாக இருந்திருக்கிறான். தன்னைக் கட்டிப்போட்டது கார் என்று திட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

இப்பவே கிளம்பு, ரெண்டு பேருமே போயிடலாம் என்றான். அவள் உள்ளறையைக் காட்டினாள். தான் போனால் அந்தக் கிழவிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை, பெற்ற மகன் அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்றாள்.

கொட்டகைக்குத் திரும்பினான். கல்யாண வாடகைக்கு நேரமாகிறதென்று அத்தான் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். மச்சான் பாயிண்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, கேஜ் தகட்டைச் செருகி இடைவெளியைச் சரிபார்த்தான். ரோட்டரை மட்டும் திருப்பி மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டான்.

"இந்த மாடலுக்கு இது கடையில கிடைக்காது, தெரியும்ல அத்தான்?"

"தெரியும். மாட்டு, நேரமாகுது."

"இனிமே அக்கா மேல கை பட்டுச்சுன்னா இது சாக்கடைக்குப் போயிடும். அப்புறம் வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."

அத்தான் சிரிக்கப் பார்த்தார். மச்சானின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. நன்றி கெட்டவன், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிறவன் என்று தெருவே கேட்கும்படி கத்தினார். மச்சான் ரோட்டரை மாட்டி, மூடியைப் பூட்டி, காரைக் கல்யாண வீட்டுக்கு ஓட்டிப்போனான்.

துறைமுக வேலைக்கு வேறொருவன் போனான். லேத்காரருக்கு வருத்தம், உனக்குப் போக மனசே இல்லையப்பா என்று முகத்துக்கு நேரே சொன்னார். உண்மையைச் சொன்னால் அக்காவின் மானம் கடைத்தெருவுக்கு வந்துவிடும். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

மாடியறை புழுங்குகிறது என்று சாக்குச் சொல்லி வீட்டுக் கூடத்துக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். அத்தான் முறைத்ததோடு சரி. அக்காவோ அவன் கண்ணைப் பார்க்கவே கூசினாள்; தட்டில் சோற்றை மட்டும் முன்னைவிட அதிகமாகப் போட்டாள். ஒரு நாள், "என்னைத் திட்டவாவது செய்டா" என்றாள். திட்ட நினைத்து வாயைத் திறந்தான். குழம்பு கொஞ்சம் ஊற்று என்றுதான் வந்தது.

மழை பிடித்திருந்த ஒரு காலை, அக்கா கடைக்குப் போயிருக்கையில் உள்ளறையிலிருந்து கிழவி அவனைக் கூப்பிட்டாள். தண்ணீர் கேட்கிறாள் என்று எடுத்துப்போனான். அவள் குடிக்கவில்லை. எலும்பான கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கட்டிலுக்கும் அத்தானின் அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான் இருந்தது; இத்தனை வருஷமும் எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்.

"நான் போய்ச் சேர்ற வரைக்கும் நீ எங்கயும் போயிடாதப்பா" என்றாள்.

போகமாட்டேன் என்றான் அவன். அவள் பிடியைத் தளர்த்தவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, அக்கா திரும்பிவரும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.