குட்டி போட்ட குழந்தை எலி

எலியை நித்திரையாக்கி, அது எப்போது எழும்பும் என்று மணிக்கூட்டோடு காவல் இருந்ததுதான் என் பட்டப்படிப்பு. எங்கள் ஊர் உடுவிலில் யாராவது கேட்டால் அம்மா, “மருந்து ஆராய்ச்சி” என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவார்.

விஷயம் இதுதான். நித்திரை மருந்தை ஈரல் உடைத்து முடித்ததும் எலி எழும்பிவிடும். வலிப்பு மருந்தைச் சில நாள் முன்கூட்டியே கொடுத்தால் மருந்தை உடைக்கும் ஈரல் நொதியங்கள் பெருகி, எலி இன்னும் கெதியாக எழும்பும். அதை நான் காட்டினால்தான் எனக்குப் பட்டம்.

வலிப்பு மருந்து கொடுக்காத முதல் தொகுதி எலிகள் ஒன்றரை மணித்தியாலம் நித்திரையில் கிடந்தன. ஆய்வுக்காக அவற்றின் ஈரலையும் எடுத்தாயிற்று. அடுத்த தொகுதி வருவதற்குள் சண்டை தொடங்கி, தெற்கிலிருந்து எலி வரும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். விலங்குக் கூடுகளைப் பார்க்கும் அண்ணை எங்கெங்கோ அலைந்து ஒரு கூடு வெள்ளை எலி கொண்டுவந்தார்.

“சின்னனாக் கிடக்குதே, அண்ணை?”

“குஞ்சு எலி, தங்கச்சி. திண்டால் வளரும்.”

நானும் தலையாட்டினேன். ஒன்றுக்கு மட்டும் வயிறு ஊதியிருந்தது. ஏதோ நோய் வந்த வருத்தக்கார எலி என்று ஒதுக்கிவைத்தேன். மற்றவற்றுக்கு வலிப்பு மருந்து, பிறகு நித்திரை மருந்து. பத்து நிமிடத்தில் எழும்பி மீசை துடைத்தன! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுக்கூடத்திலேயே ஆடினேன்.

முடிவை எழுதிப் பேராசிரியரிடம் கொண்டுபோன காலை, அண்ணை ஓடிவந்தார்.

“தங்கச்சி, உங்கடை குழந்தை எலி ஆறு குட்டி போட்டிருக்கு!”

வந்தவை குஞ்சு எலிகள் அல்ல, வேறு சாதியான வளர்ந்த சுண்டெலிகள். எங்களுக்கு இரண்டும் எலிதானே. சுண்டெலியின் ஈரல் இயல்பிலேயே நித்திரை மருந்தைச் சட்டென்று முடித்துவிடுமாம். விலங்கியல் படித்த எனக்கு அது தெரியவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம். பேராசிரியர் முன்னால் அழுதுவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கெதியா எழும்பினது உம்மடை வலிப்பு மருந்தாலையோ, அதுகளின்ரை சாதியாலையோ?”

“தெரியாது, சேர்.”

“பிறகென்ன? அதுதான் இனி உம்மடை தலைப்பு. இந்த முறை வெறும் எலி எண்டு எழுதாதையும்.”

அந்த ஆறு குட்டிகளையும் நான்தான் வளர்த்தேன். வளர்ந்ததும் நித்திரை மருந்து மட்டும் கொடுத்தேன்; வலிப்பு மருந்து ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. அவை படுத்துக் கொஞ்ச நேரத்திலேயே எழும்பி என்னைப் பார்த்தபோது, பட்டம் எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது.