மஃரிபுக்கு நிறுத்தி வைத்த படம்

என் அத்தா அப்துல் ஹமீது, ஜெலுத்தோங்கில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் பாதி வாழ்நாளைக் கழித்தவர். சொந்தக் கடை இல்லை. கல்லாவை ஒட்டி நின்று, கடந்து போகும் தட்டைப் பார்த்து விலை சொல்வது அவர் வேலை. சோற்றுக்கு அடியில் முட்டையை மறைத்துக்கொண்டு போகிற காலேஜ் பையன்களை அவர் திட்டியதில்லை. "தம்பி, அந்த முட்டையக் கொஞ்சம் வெளிய எடுத்து விடுலா, பாவம், மூச்சு விடட்டும்" என்பார். வரிசையே சிரிக்கும்.

அப்படிப்பட்டவரை இரண்டு பேர் ஒரு வருடத்துக்கு மேல் ஏமாற்றினார்கள். ஒருவர் அவருடைய நண்பர். இன்னொருவர் என் அம்மா.

என் தம்பி சாஹித் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது மழையில் சறுக்கி, லாரியில் மாட்டி இறந்துபோனான். அதற்குப் பிறகு அத்தா கடைக்குப் போகவில்லை. சர்க்கரையால் காலில் புண் என்று காரணம் சொன்னார். வீட்டில் இருந்தது ஒரு பழைய டிவி. அதில் படம் பார்க்க வேண்டுமென்றால் சாஹித் வாங்கிய கேம் பெட்டியில்தான் பார்க்க முடியும். ஜுருவில் கார் சாமான் கடை வைத்திருந்த அத்தாவின் நண்பர் குணாளன் அங்கிள்தான் அதைத் தட்டித் தடவிப் படம் ஓட வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அக்கரையில் பாகான் டாலாம் வீட்டிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்துவிடுவார். இருவருக்கும் ஒரு பேச்சு இருந்தது. யாரும் முன்னாலேயே பார்த்துவிட்டு வரக்கூடாது. புதுப் படத்தை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். அத்தாவுக்கு அந்த வாரத்தில் வேறு எதுவும் இல்லை. வியாழக்கிழமையே, "குணா என்ன படம் சொன்னான்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.

முதலில் சாஹித்தின் கேம் கன்ட்ரோலரை வைத்துத்தான் பார்த்தார்கள். அதை மெத்தையில் வைத்தால் அடியில் இருக்கும் பொத்தான் அழுந்திப் படம் தானாக ஓடும். கொஞ்ச நேரம் தொடாவிட்டால் அணைந்துபோகும். அத்தாவுக்கு அதெல்லாம் பெரிதில்லை. அதன் குமிழ் ரப்பரில் சாஹித்தின் கட்டைவிரல் தேய்த்த குழி இருந்தது. குணாளன் அங்கிளின் விரல் அதில் பதிவதை அவரால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் துணியால் துடைத்து, கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு, "ஒரு ரிமோட் வாங்கலாம் குணா" என்றார்.

கொம்தார் பக்கம் ஒரு கடைக்கு மூவரும் போனோம். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று மலிவு. அதற்குத் தனியாக ஒரு குச்சியைப் பெட்டியின் பின்னால் செருக வேண்டும், நேராகப் பிடித்தால்தான் கேட்கும். இன்னொன்றில் பெரிய பெரிய பொத்தான்கள், அதுவும் நாலே நாலு. மூன்றாவது மெலிசாக, கறுப்பாக இருந்தது. முன்னும் பின்னும் பத்துப் பத்து நொடியாகத் தள்ளிப் போகத் தனிப் பொத்தான் உண்டு.

அத்தா பெரிய பொத்தானை எடுத்தார். "இதான் நமக்குச் சரி. கண்ணாடி போடாமயே அமுக்கலாம்."

"வேணாம்ணே, கறுப்ப எடுங்க" என்றார் அங்கிள். "இதுல தள்ளலாம்."

"எதத் தள்ளணும்?"

"பாட்டு வந்தா தள்ளலாம்ல."

"பாட்டத் தள்றவன் எதுக்குயா தமிழ்ப் படம் பாக்குறான்? போய் நியூஸ் பாரு."

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை. மலிவு ரிமோட்டில் தள்ளினால் படம் எங்கேயோ போய் நிற்கும், பெரிய பொத்தானில் அந்த வசதியே இல்லை என்று நெடுநேரம் பேசினார். ஒரு ரிமோட்டுக்காக அவர் இவ்வளவு மன்றாடுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கடைசியில் அத்தா, "சரிலா, உன் ஆசைக்கு எடு. ஆனா பாட்டுல கைய வச்ச, வெரல ஒடிச்சிருவேன்" என்றார்.

அங்கிள் பாட்டில் கை வைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சில நாள் ஐந்து மணிக்கே வருவார், சில நாள் ஆறரைக்கு வருவார். கேட்டால் ஃபெர்ரி லேட் என்பார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்கும். அத்தா, "நிறுத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே தொழப் போவார். அம்மாவும் நானும் பின்னாலேயே போவோம். அங்கிள் ரிமோட்டோடு சோபாவிலேயே உட்கார்ந்திருப்பார். அத்தா திரும்பி வந்ததும், "விட்ட எடத்துலயே இருக்குண்ணே" என்று ஓட விடுவார். படத்தில் யாராவது திடீரென்று காணாமல் போயிருந்தால் அத்தா டைரக்டரைத்தான் திட்டுவார். "கதையே சொல்லத் தெரியல. அந்தப் பையன் எங்க போனான்?"

"இப்பல்லாம் அப்படித்தாண்ணே எடுக்கிறானுங்க" என்பார் அங்கிள்.

ஒரு ஞாயிறு ஈப்போவில் கல்யாணம் என்று அங்கிள் வரவில்லை. அத்தா ஏற்கெனவே பார்த்த படம் ஒன்றைத் தனியாகப் போட்டுக்கொண்டார். நான் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. திரையில் படம் நின்றிருந்தது. மழைச் சாலையில் கவிழ்ந்த மோட்டார் சைக்கிள்.

"அமீரா, இந்தப் படத்தப் பாக்கும்போது நீயும் இருந்தல்ல?"

"இருந்தேன் அத்தா."

"இந்த எடத்தப் பாத்தியா?"

பார்த்த ஞாபகம் இல்லை. அத்தா இன்னொரு படத்தைப் போட்டார். அதிலும் ஒரு பையன், ஒரு லாரி, ஆஸ்பத்திரிக்கு ஓடி வரும் ஒரு தாய். அதையும் நாங்கள் பார்த்திருக்கவில்லை. அத்தா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"சலேஹா, உனக்குத் தெரியுமா?"

அம்மா அடுப்பை அணைத்தார். "நான்தாங்க குணாகிட்டச் சொன்னேன். மொதல்ல ஒரு படத்துல அப்படி வந்துச்சே, அப்புறம் நீங்க ரெண்டு நாள் சாப்பிடல. அதான், முன்னாடியே பாத்துட்டு வந்து அந்த எடத்த மட்டும் எடுத்துருன்னேன்."

"எப்ப எடுப்பான்?"

அம்மா திரும்பி, அத்தா தொழும் அறையைப் பார்த்தார். காட்சி வரும் நேரமும் பாங்கு நேரமும் ஒன்றாக வரும்படி கணக்குப் போட்டு வந்து, அத்தா தொழும்போது அந்த இடத்தை அங்கிள் தள்ளிவிட்டிருக்கிறார். ஃபெர்ரி ஒருநாளும் தாமதமாகவில்லை.

அடுத்த ஞாயிறு அங்கிள் வடைப் பொட்டலத்தோடு வந்தார்.

"ஃபெர்ரி லேட்டா குணா?" என்றார் அத்தா.

"ஆமாண்ணே, ஒரே கூட்டம்."

"இன்னிக்குப் படத்துல எத்தனாவது நிமிஷத்துல வருது?"

"என்னதுண்ணே?"

"அந்தப் பையன் விழுற எடம்."

அங்கிள் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.

"அண்ணி சொன்னாங்கண்ணே. உங்க நல்லதுக்குத்தான்..."

"என் புள்ள மையத்தக் குளிப்பாட்டுனது நான்." அத்தாவின் குரல் உயரவே இல்லை. "அவன் தலைய இந்தக் கையில புடிச்சிருந்தேன். அதுக்கப்புறம் எனக்கு எதக் காட்டலாம், எதக் காட்டக் கூடாதுன்னு நீ முடிவு பண்றியா? அதுவும் நான் தொழுகையில நிக்கிற நேரமாப் பாத்து?"

அங்கிள் எழுந்தார்.

"உக்காரு. அந்த எடத்த முழுசாப் பாத்துட்டுப் போ."

ரிமோட்டை அத்தா வைத்துக்கொண்டார். அந்தக் காட்சி வரும்வரை தள்ளிக்கொண்டே போனார். அத்தா கண்ணை எடுக்காமல் பார்த்தார். அங்கிள் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாங்கு சொன்னதும் அத்தா டிவியையே அணைத்தார். "நான் தொழணும். நீ கெளம்பு."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை.

அம்மாவோடு அத்தா சண்டை போடவில்லை. ஆனால் அம்மா சொல்லும் எதையும் அப்படியே எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டார். கால் புண் பழுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, காலை எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் வராந்தாவில் வைத்து அம்மாவிடம் சொன்னார். அம்மா ஓடி வந்து சொன்னபோது அத்தா கேட்டது, "இதுல எத எடுத்துட்டுச் சொல்ற?" என்றுதான். நான் வேலையிலிருந்து வந்து, டாக்டரைக் கட்டிலுக்கே அழைத்துவந்து சொல்ல வைக்கும்வரை அவர் நம்பவில்லை. அம்மா அன்று முழுதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் அத்தா தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் குணாளன் அங்கிள் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"அமீரா, அண்ணே கடைசியா என்னப் பத்தி எதாச்சும் சொன்னாரா?"

அவர் கண் சிவந்திருந்தது. ஒரு வார்த்தை போதும், நிம்மதியாக வீட்டுக்குப் போவார். 'உங்களைக் கேட்டார் அங்கிள்' என்று சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. உள்ளே அம்மா பேச்சை நிறுத்தி நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல அங்கிள்" என்றேன். "ஒன்னும் சொல்லல."

அவர் தலையாட்டினார். தன் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.