தம்பிக்கு நான் சொன்ன பத்தியம்

என் தம்பி தேசப்பனை நான் ஏறக்குறைய கொன்றுவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பக்கம் சிலர் இன்னும் என்னை இந்த விஷயத்தில் விவரம் தெரிந்தவன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓஹையோவில் மகன் வீட்டில் நான் காலிஃபிளவரைச் சோறு என்று சாப்பிடுகிறேன். கடையிலேயே பொடியாகத் துருவி, உறைய வைத்து, பையின் மேல் ரைஸ் என்று அச்சடித்து விற்கிறார்கள். முதல் நாள் அதன் மேல் சாம்பாரை ஊற்றியபோது சாம்பார் உள்ளே இறங்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றது. அதற்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் எனக்குப் பழகிவிட்டது. பழகியதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

இங்கே வந்த புதிதில் ரத்தத்தைப் பரிசோதித்து ப்ரீடயபெட்டிஸ் என்றார்கள். சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறேன், இன்னும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். உணவு ஆலோசகர் ஓர் இளம்பெண். மதியம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். சோறும் சாம்பாரும், பிறகு சோறும் ரசமும், பிறகு சோறும் மோரும் என்றேன். “இவையெல்லாம் சைட் டிஷ். மெயின் டிஷ் என்ன?” என்றாள். சோறுதான் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டோம். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கைக் குறைத்து முட்டை, கீரை, கடலை என்று சாப்பிடச் சொன்னாள். மாத்திரை எதுவும் தரவில்லை. எடை இறங்கியது, சர்க்கரையும் இறங்கியது. சித்தூரில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் நான். பாடம் தயாராகிவிட்டது, மாணவன்தான் இல்லை.

போன மாங்காய் பருவத்தில் ஆந்திர எல்லையில் இருக்கும் சொந்த ஊரான பாலசமுத்திரம் போனபோது மாணவன் கிடைத்தான். தேசப்பனும் அவன் மனைவி கோமளாவும் எங்கள் பழைய வீட்டில் இருந்துகொண்டு மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவன் என்னைப் போல் வாசலில் நிற்பவன் அல்ல, பல வருடமாக மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளேயே குடியிருப்பவன். அந்த வித்தியாசத்தை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தியம் இருக்கிறாயா என்று கேட்டதற்கு, “ராத்திரில அரிசி தொடறதே இல்லணா, களிதான்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, குழந்தையின் தலையளவு கேழ்வரகுக் களி உருண்டையைப் பிட்டான். எங்கள் பக்கத்தில் களி மாவுச்சத்துக் கணக்கில் சேராது. திருமலை லட்டும் அப்படித்தான். அதிலுள்ள சர்க்கரைக்குப் பெருமாள் பொறுப்பு.

நான் சோறு, களி, லட்டு, அவன் தோப்புப் பழம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன்.

“மாத்திர போட்டுக்கினு கீறாரே மாமா, திருப்பதி டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமே?” என்றாள் கோமளா.

“மாத்திரை அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றேன்.

“அண்ணன் அமெரிக்காவுல பாத்துட்டு வந்து சொல்றாரு. நீ கம்னு இரு” என்றான் தம்பி.

எங்கள் வீட்டில் அண்ணன் பேச்சுக்குத் தம்பி மறுபேச்சு பேசுவதில்லை. நிலத்தை அவன் தலையில் கட்டிவிட்டு நான் முதலில் சித்தூருக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போனபோதும் அவன் பேசவில்லை.

புத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு அவனைக் காட்சிப் பொருளாக அழைத்துப்போனேன். பந்தியில் அவன் இலையில் பொரியலும் கீரையும் மட்டும். “இன்னா தேசப்பா, ஆடு மாரி தழையே துன்னுக்கினு கீற?” என்று எதிர் வரிசையில் கேட்டார்கள். அவனுக்குப் பதிலாக நான் இன்சுலினைப் பற்றிப் பேசினேன். அவன் கை நடுங்கியது, சட்டை முதுகில் ஒட்டும்படி வியர்த்தது. கொழுப்பு கரைகிறது என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினேன்.

இரண்டு நாள் கழித்துத் தோப்பில் விழுந்தான். அண்ணன் பேச்சைக் கேட்டதோடு, நடுக்கத்தை அண்ணனிடம் சொன்னால் அண்ணனுக்குத் தலைகுனிவு என்று மறைத்தும் வந்திருக்கிறான். அரை மயக்கத்தில் இருந்தவன் வாயில் கோமளா ஒரு பழத்தைக் கிள்ளிச் சாற்றைப் பிழிந்தாள். அது நான் விலக்கிய பழம்.

திருப்பதி மருத்துவமனையில் அந்த டாக்டரம்மா தெலுங்கில், “அன்னம் மானேயமனி செப்பிந்தி எவரு?” என்று கேட்டார். சோற்றை நிறுத்தச் சொன்னது யார் என்ற கேள்விக்கு, படுக்கையிலிருந்தபடி, “நானேதான் மேடம்” என்றான் தம்பி. அந்தப் பொய்யை என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் என்றேன். “மீரு டாக்டரா?” என்றார். பழக்க தோஷம், ஆமாம், கெமிஸ்ட்ரியில் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாவுச்சத்தைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் சர்க்கரையை இறக்கும் மாத்திரையை அதே அளவில் விழுங்கிக்கொண்டு குறைத்தால் உயிருக்கே ஆபத்து, மாத்திரையைக் குறைத்துத் தருகிறேன், இனி என்னைக் கேட்டுச் செய்யுங்கள் என்றார்.

வெளியே கோமளாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க துன்றத நீங்க துன்னுங்க மாமா. இவர எனக்கு வுட்டுடுங்க” என்றாள்.

அமெரிக்கா திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போட்டேன். பெருமையடித்த இடத்தில்தானே குற்றத்தையும் சொல்ல வேண்டும்? அதே உறவுக்காரர்கள் கூடிய நகரி வளைகாப்பில் எழுந்து நின்று, நான் சொன்னதைக் கேட்டுத்தான் தேசப்பன் விழுந்தான் என்றேன். ஒருவர், “அப்ப மாத்திரய நிறுத்திட்டு துன்னா சரியாப் பூடுமா?” என்றார். இன்னொருவர், எத்தனை கிலோ குறைந்தான் என்று விசாரித்தார். டாக்டரைக் கேளுங்கள் என்று மன்றாடினேன். அமெரிக்க ரகசியத்தை மறைக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டார்கள்.

தேசப்பன் இப்போது நன்றாக இருக்கிறான். டாக்டரம்மா சொன்ன அளவில் சாப்பிடுகிறான், சர்க்கரையும் மாத்திரையும் குறைந்திருக்கின்றன. இதையெல்லாம் கோமளா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்குக் காலை, அவனுக்கு ராச்சாப்பாட்டு நேரம், அப்போது வீடியோவில் கூப்பிடுவேன். நான் ஊருக்கே திரும்பி வந்துவிடலாமா என்று கேட்க நினைத்து, நேற்று, “இன்னாடா துன்ற?” என்று கேட்டுவிட்டேன்.

“அத வுடுணா” என்றான். எழுபது வயதில் என்னிடம் அவன் பேசிய முதல் மறுபேச்சு அது.

கைப்பேசியை மல்லாக்க வைத்துவிட்டுச் சாப்பிட்டான். கோமளாவின் வளையல் சத்தமும் தம்ளர் வைக்கும் சத்தமும் கேட்டன. போனில் யார் என்று அவள் கேட்டாள். “அண்ணன்தான்” என்றான். நான் பிறந்த வீட்டுக் கூடத்து மின்விசிறி என் கைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தட்டில் என்ன இருக்கிறது என்று நான் மறுபடி கேட்கவில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.