மடிக்காத இலை

நாமக்கல்லில் நான் மதியம் சாப்பிடும் மெஸ் வாசலில் இன்று நாலு நிறத்தில் தொட்டிகள். குப்பையைப் பிரிக்காத கடைகளுக்கு இனி அபராதமாம்.

முதலாளி அக்கா இலை போடும்போதே சொன்னார்: "சாப்ட்டுட்டு இலைய மடிச்சறாதீங்க சாமி. தயிர் கப்பையும் உள்ள வெச்சே மடிச்சர்றாங்க. வண்டிக்காரரு குப்பைய எடுக்கமாட்டேங்கறாரு."

கப்பைத் தொட்டியில் போட்டேன். இலையை விரித்தபடியே விட்டேன்.

கை கழுவித் திரும்பினால் அக்கா என் இலையைப் பார்த்தபடி நிற்கிறார். முகம் வாடியிருக்கிறது.

"ஏனுங்க, கொழம்பு நல்லால்லீங்களா?"

"நீங்கதானுங்கக்கா மடிக்க வேண்டாம்னீங்க."

"சொன்னனுங்க. ஆனா இப்படித் தொறந்து கெடந்தா மனசு கேக்கமாட்டீங்குதே."

வெறும் இலையை என் பக்கமாக மடித்து வைத்தேன். அக்கா சிரித்துவிட்டார்.

இந்தக் குப்பை விதியை எழுதியவர்கள் ஒருநாள் இங்கே வந்து சாப்பிடட்டும். மடிக்காமல் எழுந்துவிடுவார்களா, நீங்களே சொல்லுங்கள்.