காப்புக் கட்டிய கையும் நாய்க்கடி ஊசியும்

எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டு, என் வீட்டுக்காரர் கையில் மஞ்சள் காப்புக் கட்டின மறுநாள் காலையில் அவரை நாய் கடித்துவிட்டது. தொண்ணூறுகளில் நடந்தது. சரவணம்பட்டியைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அப்போது சுற்றிலும் சோளக்காடுதான். அவர் கணபதியில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தார். கோயில் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்கு, லீவு போட்டிருந்தார்.

கிணற்றில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தவரைக் கெண்டைக்காலில் கவ்வியது. எங்கள் ஊர் நாய் இல்லை. வாயில் எச்சில் ஒழுக, கண் சிவந்து, கடித்துவிட்டுத் தள்ளாடிப் போனதாம். பக்கத்து வீட்டு அக்கா மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிவிட்டார்கள். பச்சிலை கொடுக்கிறவர் ஒருவர் வந்து ஒரு உருண்டையை விழுங்க வைத்துவிட்டு, உப்பில்லாமல் சாப்பிடச் சொல்லிப் போனார். மறுநாள் அந்த நாய் சோளக்காட்டில் செத்துக் கிடந்தது.

நாய் செத்தது தெரிந்ததிலிருந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டினேனே தவிர, எனக்கு இறங்கவில்லை. எங்கள் அப்பன் ஊரில் ஒருவருக்கு வெறிநாய் கடித்து அந்த நோய் வந்து நான் சிறு பிள்ளையாய் இருக்கும்போது பார்த்திருக்கிறேன். மாட்டுக் கொட்டாயில் கட்டிப் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

"ஏனுங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கலாமுங்க" என்றேன்.

"காப்புக் கட்டிப்போட்டு எல்லையத் தாண்டச் சொல்றயா? கம்பத்தப் புடுங்கட்டும். அடுத்த நாளே வாரேன்."

கம்பம் என்பது அம்மனுக்குப் புருஷன். மூன்றாய்க் கிளை பிரிந்த மரத்தை வெட்டி வந்து கோயிலுக்கு முன்னால் நட்டு, பெண்கள் தினமும் மஞ்சத்தண்ணி ஊற்றுவோம். அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிற வரைக்கும் காப்புக் கட்டினவர் ஊரைத் தாண்டக்கூடாது, உடம்பில் ஊசி குத்தக்கூடாது, தினம் தலைக்குக் குளிக்க வேண்டும். அவர் வீட்டில் எண்ணெய் காய்ச்சித் தாளிக்கவும் கூடாது. தாளித்தால் காப்பு கெட்டுப்போகும்.

ஊசியைப் பற்றியும் ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வயிற்றில் போடுகிற ஊசி, குடலைக் குத்திவிடும் என்றார் ஒருவர். ஒரு நாள் விட்டுப்போனால் ஆள் குரைக்க ஆரம்பித்துவிடுவான் என்றார் இன்னொருவர். போட்டுக்கொண்டால் தலைக்குத் தண்ணி ஊற்றக்கூடாது, கால் விளங்காமல் போகும் என்றும் சொன்னார்கள். இதையெல்லாம் சொன்ன யாரும் போட்டுக்கொண்டவர்கள் இல்லை. நான் அஞ்சாவதோடு நின்றவள், எதிர்த்துப் பேச எனக்கு என்ன தெரியும்?

ஆனாலும் தாய் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அதற்கு முன்னால் தனியாகக் கோயமுத்தூர் போனதில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற நர்சம்மாவிடம், அந்த மருந்தைப் பாட்டிலில் வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆளக் கூட்டிட்டு வாங்கம்மா. மருந்து ஐஸ்ல இருக்கோணும். நாய் செத்துப் போச்சுங்கறீங்க, இன்னும் எதுக்கு நாளக் கடத்தறீங்க? தண்ணியக் கண்டு பயப்பட ஆரம்பிச்சுட்டா அப்புறம் மருந்தே கெடையாது. சொல்லிப்போட்டேன்."

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தச் சொல்தான் காதில் நின்றது.

அன்றைக்கே கோயிலுக்குப் போனேன். ஆண்கள் நிற்கிற இடத்தில் நான் வாய் திறந்தவள் இல்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பூசாரியிடம், "சாமி, காப்ப அவுத்து எங்க பங்காளி ஆருக்காச்சும் கட்டுங்க" என்றேன். சத்தமே வரவில்லை. "என்ன அம்மணி, கிணத்துக்குள்ள இருந்து பேசற?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. நல்ல மனிதர். "எங்கிட்டக் கேட்டு என்ன? அம்மனக் கேப்போம்" என்று வெள்ளைப்பூவும் செவப்புப்பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் காப்பை அவிழ்க்கலாம். ஒரு சிறு பெண் எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார். செவப்பு.

நான் கேட்காமல் இருந்திருந்தால் அவரை எப்படியாவது கெஞ்சிக் கூட்டிப்போயிருக்கலாம். கேட்டதால் அம்மனே வேண்டாம் என்று சொன்னதாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவர், "கேட்டுட்டயல்ல? இனி வாயத் தொறக்காதே" என்றார். அன்றைக்கு அவர் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடிக்கும்போது அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும் அடுப்பைப் பற்றவைத்து வாணலியில் கடலை எண்ணெயை ஊற்றினேன். காய்ந்ததும் கடுகைப் போட்டேன். வரமிளகாயைக் கிள்ளிப் போட்டேன். வெங்காயமும் போட்டேன். கடுகு வெடித்தது தெருவுக்கே கேட்டிருக்கும். நெடி தாங்காமல் எனக்கே இருமல் வந்தது. 

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்கள். "ஏனுங்க அம்மணி, ஆரு ஊட்டுல தாளிக்கறது?"

"எங்கூட்டுலதானுங்க."

"அய்யோ, காப்புக் கட்டின ஊடு! மறந்துபோட்டயா?"

"மறக்கலீங்க. தெரிஞ்சேதானுங்க செஞ்சேன்."

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "நாலு நாளு பொறுக்காம நாக்கு கடுகு கேட்டுதாக்கும்" என்றாள் ஒருத்தி. "ஊருக்கே அம்மை வந்துச்சுன்னா இவதான் பதில் சொல்லோணும்" என்றாள் இன்னொருத்தி. பூசாரி வந்தார். வாசலிலேயே நின்று மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார். கிணற்றிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், அடுப்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கையை ஓங்கினார். அடிக்கவில்லை. அப்படியே குந்திவிட்டார். பூசாரி அவர் கையைப் பிடித்துக் காப்பை அவிழ்த்து, அவருடைய பங்காளி ஒருவர் கையில் கட்டுவதற்கு எடுத்துப்போனார். போகும்போது என்னிடம், "ஒம் புருசன் உசுருக்கு நீ பொறுப்பு அம்மணி" என்றார். சாபமா, வேறேதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்ததும் அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "இனி என்ன இருக்குது, நட" என்றார். பஸ்ஸுக்கு அவர் முன்னால் போக, நான் பின்னால் போனேன். தெருவில் யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நீளமான வரிசை. அவருக்கு முன்னால் கோட்டைமேட்டில் தையல் கடை வைத்திருந்த பாய் ஒருவர், அவரும் நாய்க்கடிக்காரர்தான், சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். "பாத்தீங்களா, தினமும் எடம் மாத்தித்தான் குத்துவாங்க. தொப்புளச் சுத்தி எம்ப்ராய்டரிங்க" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நான் சுவர் பக்கம் திரும்பி அழுதேன்.

தினமும் போனோம். வயிறு கல்லு மாதிரி வீங்கியது. காய்ச்சல் வந்தது. கால் மரத்த மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். ஊரார் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்து எனக்கு உயிரே இல்லை. டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். முதல் ஊசியே பிந்திப் போட்டதாயிற்றே, இனிப் பயமில்லையா என்று கேட்டேன். "போட்டாச்சு. இருந்துதான் பாக்கோணும்" என்று மட்டும் சொன்னார்.

கடைசி ஊசி போட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "எனக்கு அது வந்துச்சுன்னா என்னையக் கொட்டாயில வெச்சுக் கதவச் சாத்திப்போடு. புள்ளையக் கூட்டிட்டு உங்கம்மா ஊட்டுக்குப் போயிரு. நிக்காதே."

"சரிங்க" என்றேன்.  போயிருக்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு பல மாதம் அவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புரை ஏறினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். தீபாவளி போனது, பொங்கல் போனது. அது வரவில்லை.

அம்மன்தான் மன்னித்துவிட்டாள் என்றது ஊர். அவரும் அப்படித்தான் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "கடுகு வெடிச்ச ஊட்டையும் அவ காப்பாத்திப்போட்டாளுங்க" என்பார். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் உள்ளே அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மறுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அம்மன் என்றால் என்ன, ஊசி என்றால் என்ன, அதைச் சொல்வதற்கு ஆள் உயிரோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.